மெட்டு ஏறிய தீப்பொறி

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் கடக்கும் இடங்களைத் தேனி வட்டாரத்தார் 'மெட்டு' என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்து மெட்டு என்று நிற்கும் இவற்றின் கீழ்ப்புறத்தில் நெல்லும் தென்னையும் வாழையும் பன்னீர் திராட்சையும் விளைகின்ற வெயில் பூமியும், மேற்புறத்தில் ஏலமும் மிளகும் தேயிலையும் விளைகின்ற குளிர் பூமியும் அமைந்திருப்பதால், இவ்விரண்டுக்கும் இடையே ஏறி இறங்குவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஜனங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். ஏறுவதற்குச் செலவு உண்டு. மாடு ஏறிய காலத்தில் அந்தச் செலவு வைக்கோலும் பருத்திக்கொட்டையும். மோட்டார் ஏறத் தொடங்கிய பிறகு பெட்ரோல். சமவெளியில் கார் வைத்திருந்தவருக்கு 'மைலேஜ்' என்பது ஓய்வு நேரப் பேச்சாக இருந்திருக்கலாம். போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு வண்டி ஓட்டியவருக்கோ அன்றைய அடுப்பு எரிவதும் எரியாததும் அதைப் பொறுத்தே இருந்தது. அந்தக் கணக்கை ஓசையில்லாமல் எழுதி வைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்த சிறு சாதனம் ஒன்றின் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாடப் புத்தகம் அதைத் தீப்பொறிச் செருகி என்று எழுதும். பட்டறையில் அதற்குப் பெயர் பிளக்.

மோட்டார் வருவதற்கு முன்னும் மலைக்கும் கீழுக்கும் போக்குவரத்து இல்லாமல் இல்லை. கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை, டாப் ஸ்டேஷன் என்ற உச்சியிலிருந்து வானக் கயிற்றுப் பாதை வழியாகக் குரங்கணிக்கு அருகேயுள்ள கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்திருந்த சிறு ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு வேறொரு ரயில் வந்தது. ஏலக்காய் வியாபாரத்தின் கேந்திரமாகிய போடிக்கு அது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மலையடிவாரத்தோடு தண்டவாளம் முடிந்துவிட்டது. அதற்கு மேலே காலும் குளம்பும்தான். பின்னாளில் சக்கரமும் தீப்பொறியும்.

தீப்பொறியின் பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிவாயுவையும் காற்றையும் ஓர் உருளைக்குள் அடைத்து மின்பொறியால் கொளுத்தி வேலை வாங்கும் வித்தையைப் பாரிஸில் எதியேன் லெனுவார் என்பவர் 1860இல் செய்து காட்டினார். அந்தப் பொறியை எழுப்பும் மின்சுருளோ (பட்டறையில் அதற்குப் பெயர் காயில்) அதற்கும் முந்தியது. 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் தத்துவமே அதற்கு வித்து. மோட்டார் வண்டியின் பிதாக்களில் ஒருவரான கார்ல் பென்ஸ், பொறி மூட்டுவதைப் பிரச்சினைகளுக்கெல்லாம் பெரிய பிரச்சினையாகக் கருதினார். அது தீர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் வாசலில். ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பட்டறையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் சில ஆண்டுகளில், பாட்டரியும் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்த ஏற்பாட்டை அமைத்தார். அடுத்த அறுபது எழுபது வருஷங்களுக்கு உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டில்தான் ஓடின. நம் மெட்டுகளில் ஏறியவையும் அப்படியே.

இந்தப் பக்கத்து மோட்டார் சரித்திரத்தில் யுத்த காலம் ஒரு விசித்திர அத்தியாயம். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1942இல், மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து யுத்தத் தேவைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவை திரும்ப இடப்பட்டது 1953–54இல். ரயில் போன அதே காலத்தில் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. அப்போது, 1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி மதுரையில் வேரூன்றியிருந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் ஸ்தாபனம், கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் 'காஸ் பிளான்ட்' என்னும் உலையைத் தயாரித்து வெளியிட்டது. பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு ஓர் இரும்பு உலை, அதைக் கிளறி விட ஓர் ஆள், புறப்படுவதற்கு முன் காத்திருப்பு என்றிருந்த அந்தப் பிரயாணத்தைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். மெக்கானிக்குகளுக்கு அது சிரிப்பான காலம் அல்ல. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரிவதால் பொறியைச் சற்று முன்னதாகவே விழச் செய்து டைமிங்கை மாற்ற வேண்டும். வாயுவோடு வரும் தாரும் சாம்பலும் பிளக்கில் படிவதால் அதை அடிக்கடி கழற்றித் துடைக்கவும் வேண்டும். எரிபொருள் அரிதானால் பொறியை உற்றுக் கவனி என்னும் பாடத்தை நம் பட்டறைகள் படித்தது அந்த நாட்களில்தான் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்து, நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், மகிந்திரா நிறுவனத்தார் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்து இணைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த வண்டி மலைத் தோட்டங்களுக்கென்றே பிறந்தது போல் அமைந்துவிட்டது. பிறகு அம்பாஸிடர் வந்தது. இரண்டும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகள். இரண்டிலும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் பொறி விழும். எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிற போது ஒரே ஒரு காயில் ஒரு விநாடிக்கு நூறு பொறிகளைத் தந்தாக வேண்டும். பாட்டரியிலிருந்து வருவது ஆறு வோல்ட்டோ பன்னிரண்டு வோல்ட்டோதான். தடித்த கம்பியில் சில நூறு சுற்றும் மயிரிழை போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்றும் கொண்ட காயில், மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் என்னும் தொடுமுனை திறக்கும் அந்தக் கணத்தில் அதைப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி அனுப்புகிறது. பாயிண்ட்டை நம் மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்றே சொல்லி வந்தார்கள். ஆதியில் அதன் முனைகள் பிளாட்டினத்தால் ஆனவை. பிற்பாடு டங்ஸ்டனுக்கு மாறிவிட்டன. உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை, ஊரை விட்டுப் போன குடும்பத்தின் பெயரால் வீடு வழங்குவதைப் போல.

இனி மலைக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடுகிறது. பழைய கார்புரேட்டர் அதை அறியாது. கீழே கலந்த கணக்கிலேயே மேலேயும் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த அந்தக் கலவை முழுதும் எரியாமல் கரியாகி, பிளக்கின் மூக்கில் படியும். போதாக்குறைக்கு, தோட்டத்துச் சாலையில் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். பிளக்கின் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி சூடேறினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துத் தள்ளும். 850 டிகிரிக்கு மேல் போனாலோ பொறி விழுமுன்பே அது கலவையைக் கொளுத்திவிடும். இறக்கத்திலும் ஊர்தலிலும் மூக்கு குளிர்ந்து கரி பிடிப்பதும், ஏற்றத்தில் பாரம் இழுக்கையில் கொதித்து வெளுப்பதுமாக, ஒரே நாளில் இரண்டு துன்பத்தையும் மெட்டு வண்டியின் பிளக் அனுபவித்தது. சமவெளி ஊரில் பல மாதம் உழைக்கும் பிளக் இங்கே சீக்கிரமே பட்டறைக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன?

வந்த பிளக்கை மெக்கானிக் கழற்றியவுடன் துடைத்துவிட மாட்டார். முதலில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செங்கல் பொடியோ காப்பிப் பொடியோ போன்ற மங்கிய பழுப்பு நிறமானால் எஞ்சின் ஆரோக்கியம். உலர்ந்த கறுப்புக் கரியானால் பெட்ரோல் மிகை. பளபளப்பான ஈரக் கறுப்பானால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் ஏறுகிறது. சாம்பல் வெளுப்பானால் கலவை வற்றிவிட்டது, அல்லது டைமிங் பிசகிவிட்டது. நாடி பார்க்கும் வைத்தியரின் வித்தை இது. நான்கு பிளக்கையும் சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு பலகையில் நிறுத்தி வைத்து, மூன்று பழுப்பும் ஒன்று கறுப்புமாக இருந்தால் அந்த ஒன்றின் கதையை மட்டும் விசாரிப்பதில் ஒரு தர்க்க சாஸ்திரமே அடங்கியிருந்தது. பிறகுதான் பெட்ரோலில் நனைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், முனையை உப்புத்தாளால் உரசுவதும், இடைவெளியைத் தட்டிச் சரிசெய்வதும். அம்பாஸிடரின் பிளக்குக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு இடைவெளி, பாயிண்ட்டுக்கு 15 பங்கு. அளவுத்தகடு இல்லாத பட்டறைகளில் ஆக்ஸா பிளேடும் தபால் கார்டும் அந்த வேலையைப் பார்த்தன.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் எளிய முறை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்காக இரும்போடு தொட்டுப் பொறியைக் கொன்றுகொண்டே வர வேண்டும். உயிருள்ள சிலிண்டரைத் தொட்டால் எஞ்சின் தள்ளாடும். செத்த சிலிண்டரைத் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. இதைக் கற்றுக்கொள்ளும் பையன் கை வழுக்கி ஒரு முறையாவது 'ஷாக்' வாங்காமல் தேர்ச்சி பெற்றதில்லை. நான்கில் ஒன்று செத்துவிட்ட நிலைக்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். அந்தச் சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல் எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது; மற்ற மூன்றும் வண்டியை இழுப்பதோடு அந்தச் சோம்பேறியையும் இழுக்க வேண்டியிருப்பதால் டிரைவர் காலை இன்னும் அழுத்துகிறார். ஆக, நஷ்டம் நான்கில் ஒரு பங்கோடு நிற்பதில்லை. 'வண்டி குடிக்குது' என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

மலையில் பிளக்கை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. குமுளியிலும் வண்டன்மேட்டிலும் பருவ மழைக் காலத்தில் மேகமே சாலையில் இறங்கி நடக்கும். அந்த ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் புகுந்தாலும், பழைய பிளக் வயரின் வெடிப்புகளில் ஊறினாலும், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் இரும்புக்குள் ஓடிவிடும். பகலில் இந்தத் திருட்டு தெரியாது. அதற்காக இருட்டும் வரை காத்திருந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். வயரின் மேலும் காயிலின் தலையிலும் நீல நிறப் புழுக்கள் நெளிவதைப் போலக் கசியும் மின்சாரம் கண்ணுக்குத் தெரியும். காயிலின் நோயோ வேறு விதம். குமுளி ஏற்றத்தில், லோயர் கேம்பின் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே முதல் கியரில் திணறி ஏறுகையில், எஞ்சின் சூட்டில் காயிலின் உள்ளிருக்கும் மின்காப்பு தளர்ந்து பொறி மெலிந்துவிடும். நிறுத்தி ஆற வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி புறப்படும். அதே சூட்டில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்துக்கொண்டாலும் வண்டி இப்படியே நிற்கும் என்பதால், டிரைவர்கள் தர்க்கத்தில் இறங்காமல் இரண்டின் மேலும் ஈரத்துணியைப் போட்டுவிடுவார்கள். இரண்டில் எதனால் குணமாயிற்று என்ற விசாரணை கீழே இறங்கிய பிறகுதான்.

பெட்ரோல் சிக்கனத்தின் பேரில் நடந்த ஓர் அசட்டுத் துணிச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். மெட்டிலிருந்து இறங்கும் போது சாவியைத் திருப்பிப் பொறியை அணைத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் உருள விடுவார்கள். எஞ்சின் தடுப்பு இல்லாமல் பிரேக் ஒன்றை நம்பி இறங்கியதால் வளைவில் வந்த விபரீதம் தனி. கியரிலேயே சாவியை அணைத்து இறங்கினாலோ, எரியாத பெட்ரோல் ஆவி சைலன்ஸரில் தேங்கி, அடிவாரத்தில் பொறியைத் திரும்ப மூட்டியதும் பீரங்கி போல் வெடிக்கும். மிச்சம் பிடித்த பெட்ரோலின் விலை சைலன்ஸர் ஒட்டவைக்கப் போதாது.

இவ்வளவு சாமர்த்தியமும் உரசித் துடைத்து மறுபடி மாட்டுவதிலேயே செலவானதற்குக் காரணம் புதிய சாமான் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்ததே. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது எல்லோரும் அறிந்த 'மைக்கோ', பிளக்கை உள்நாட்டிலேயே செய்து கொடுக்க ஆரம்பித்தது. 1961இல் சென்னைக்கு அருகே பாடியில் அமைந்த லூகாஸ்–டி.வி.எஸ். தொழிற்சாலை மோட்டார் வண்டிகளின் மின் சாதனங்களைத் தயாரித்தது. சிவப்பும் மஞ்சளுமாக அட்டைப் பெட்டிகள் தேனிக் கடைத்தெருவின் ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரிகளை நிறைக்கத் தொடங்கிய பிறகு, கரி தட்டும் தொழில் மெல்ல மெல்லப் பிளக் மாற்றும் தொழிலாயிற்று. 'நாலு பிளக்கும் ஒரு காயிலும் மாத்துங்க, மைலேஜ் கூடும்' என்னும் வாக்கு பிறந்தது அப்போதுதான்.

அந்த வாக்கில் எவ்வளவு உண்மை? நல்ல நிலையிலுள்ள பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால் பெட்ரோல் ஒரு சொட்டும் மிச்சமாகாது. புதிய பிளக் எதையும் புதிதாகத் தருவதில்லை. தேய்ந்த பிளக் திருடிக்கொண்டிருந்ததைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. பொறி விழ விழ முனை அரித்து இடைவெளி விரிகிறது. விரிந்த இடைவெளியைத் தாண்ட காயில் இன்னும் அதிக வோல்ட்டைத் தந்தாக வேண்டும். அப்படித் தந்து தந்து காயிலும் ஒரு நாள் உள்ளுக்குள் வெடித்துவிடுகிறது. ஆகவே சில ரூபாய்ப் பிளக்கை மாற்ற மறுத்தவர் காயிலுக்குப் பணம் எடுத்து வைக்க நேர்ந்தது. இவ்விரண்டையும்விட மைலேஜைத் தின்றது பாயிண்ட்தான் என்று சொல்வேன். அதன் ஃபைபர் குதிகால் தேயத் தேயத் திறக்கும் இடைவெளி குறுகி, பொறி தாமதமாக விழும். வண்டி நிற்காது, மிஸ்ஸிங்கும் இராது, இழுவை மட்டும் குறைந்துகொண்டே போகும். நோய் என்றே தெரியாத நோய். காது கூர்மையான மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் அரை விரற்கடை திருப்பி அதைத் தீர்த்து வைத்ததற்குப் பெரும்பாலும் கூலியாக ஒரு டீதான் கிடைத்தது. பெட்டி பிரித்து மாட்டும் சாமானுக்குக் காசு கொடுக்கும் நாம், திருப்பிய கைக்குக் கொடுக்க யோசிப்போம்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பீப்பாய் சுமார் மூன்று டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கிற்று. 1978இல் மத்திய அரசு பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்று ஓர் ஆராய்ச்சிக் கழகத்தையே ஏற்படுத்தி, எஞ்சினை முறையாக டியூன் செய்யச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பள்ளத்தாக்கின் ஜீப்காரர்கள் பிரசாரத்துக்குக் காத்திருக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். டீசலில் காற்றை அமுக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்வதால் பொறியும் இல்லை, பாயிண்ட்டும் இல்லை, காயிலும் இல்லை. குளிர்ந்த காலையில் உயிரூட்ட உதவும் 'ஹீட்டர் பிளக்' மட்டும், பெயரளவில் பழைய உறவைச் சொல்லிக்கொண்டு நின்றது. விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் கூடலூரிலும் தூக்குச் சட்டியோடு நிற்கும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் பறக்கும் ஜீப்புகள் இந்த டீசல் வம்சத்தைச் சேர்ந்தவை. மைலேஜ் என்பது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதிலிருந்து நடைக்கு எத்தனை தலை என்று மாறிப்போனதும், அளவுக்கு மீறி ஏற்றிய வண்டிகள் வளைவுகளில் கவிழ்ந்ததும் இந்தச் சரித்திரத்தின் கறுத்த பக்கம். அந்தக் கரியை எந்தப் பிரஷ்ஷாலும் தட்ட முடியாது.

ஜீப்பை விட்டுப் போன பிளக், இரண்டு சக்கரத்தில் ஊருக்குள் திரும்பி வந்தது. ஓசூரில் செய்த டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் வெளிவந்தது; சில ஆண்டுகளுக்குள் சின்னமனூர் வாழைத்தாரும் உத்தமபாளையத்துத் தேங்காயும் கம்பத்துத் திராட்சைப் பெட்டியும் அதன் முதுகில் ஏறின. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே கரி பாலம் கட்டிவிடும். வண்டி வரப்பிலேயே நின்றுவிடும். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் இந்தத் தடவை மெக்கானிக் தேவைப்படவில்லை. சீட்டுக்கடியில் பிளக் ஸ்பானரும் பழைய பிளக் ஒன்றும் துணியில் சுற்றி வைத்திருந்த விவசாயி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தாமே கழற்றி, ஊதி, உரசி, மாட்டி, மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். மூன்று தலைமுறையாகப் பட்டறையில் பூட்டி வைத்திருந்த வித்தை வயலுக்கு வந்துவிட்டது. இந்த நாட்டின் யந்திரக் கல்வியில் அந்தச் சிறு வண்டியின் பங்கைக் கல்லூரிகள் இன்னும் சரியாக எடை போடவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. பாயிண்ட் போய் எலெக்ட்ரானிக் வந்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியதால் பிளக்கில் படியும் ஒரு வகைப் புற்று ஒழிந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.–6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கார்புரேட்டரையும் புதிய வண்டிகளிலிருந்து அநேகமாக விரட்டிவிட்டது. இன்றைய வண்டியின் கணினி, மெட்டில் காற்று லேசாவதை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கிறது. பிளக்கின் முனை இரிடியம். பல பதினாயிரம் கிலோமீட்டருக்குக் கழற்ற வேண்டியதில்லை. ஒரே காயில் நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கூட்டுக் குடும்பம் பிரிந்து, பிளக்குக்கு ஒரு காயிலாகத் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. இதைப் புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். 1908இல் வந்த ஃபோர்ட் டி மாடல் காரிலும் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்துதான் இருந்தன.

தேனி நகரத்துப் பட்டறைகளில் இப்போது வண்டி வந்ததும் டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் வயரைச் செருகுகிறார்கள்; எந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பதை அது எண்ணாகவே எழுதிக் காட்டிவிடும். மூன்றாவது காயில் என்று அது சொன்னால், அனுபவமுள்ளவர் உடனே புதுக் காயில் எடுத்து வரச் சொல்வதில்லை. மூன்றாவது காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றி மாட்டி, வண்டியைக் கிளப்பிப் பார்க்கிறார். குற்றம் முதல் சிலிண்டருக்குப் போனால் காயில்தான். மூன்றிலேயே நின்றால், பிளக் ஸ்பானரை எடுத்து அந்த ஒன்றைக் கழற்றி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.